விற்கும் முன் ஒரு தடவை பற்ற வைத்துக் காட்டுங்கள்: திருகோணமலை காஸ் அடுப்புக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் அவற்றின் குறுக்குத் தெருக்களிலும் காஸ் அடுப்பு விற்கும் அண்ணாமாருக்கும் நானாமாருக்கும், உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து தரும் தம்பிமாருக்கும், சிலிண்டரை ஓட்டோவில் கொண்டுவந்து குசினி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். முப்பது வருடத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்த மடலில் கொஞ்சம் வகுப்பு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். அடுப்பைப் பெட்டியோடு கட்டித் தராதீர்கள். கடை விறாந்தையில் ஒரு சின்னச் சிலிண்டரை வைத்து, வாங்க வந்தவரின் கண் முன்னால் அதே அடுப்பைப் பற்ற வைத்து, கூட்டி, குறைத்து, அணைத்துக் காட்டிய பிறகு காசை வாங்குங்கள். ஒரு பல்ப் வாங்க வந்தால் ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டித்தானே தருகிறீர்கள்? அந்த மரியாதை அடுப்புக்கு ஏன் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இதை எழுத வைத்தது என் சொந்தக் கதை. கடையின் பெயர் வேண்டாம். அந்தக் கடையில் மட்டும் நடக்கிற காரியமும் அல்ல இது. இரட்டை அடுப்பொன்று வாங்கினேன். வீட்டில் பூட்டிய நாளிலிருந்தே வலப்பக்க பர்னர் நீலமாக எரிந்தது. இடப்பக்கம் மஞ்சளாக, திரி தூண்டிய விளக்கு மாதிரி ஆடி ஆடி எரிந்தது. புதுச் சாமான், நாலு நாளில் சரிவரும் என்று இருந்துவிட்டேன். நாலு நாளில் கேத்திலின் அடி கருத்தது. இரண்டு கிழமையில் சோற்றுப்பானையைத் தொட்டால் கை கரி. விறகு அடுப்பை விட்டு காஸுக்கு வந்ததே இந்தக் கரியிலிருந்து தப்பத்தானே.

கடைக்குப் போனேன். தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகச் சொன்னான்: "அன்ரி, அடுப்பில ஒண்டுமில்ல. இப்ப வாற காஸ் சரியில்ல." சிலிண்டர் கொண்டுவந்தவரைக் கேட்டேன். "அம்மா, காஸ் நல்ல காஸ். அடுப்புத்தான் சொத்தி." இப்படி இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று கிழமை அலைந்தேன். ஒரே காஸில் வலப்பக்கம் நீலமாகவும் இடப்பக்கம் மஞ்சளாகவும் எரிந்தால் பிழை காஸில் இருக்காது என்று எனக்கே உடனே பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவேயில்லை. வயதும் கோபமும் சேர்ந்தால் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கடைசியில் அதைத் திருத்தியது, திருக்கடலூரில் போட் எஞ்சின் திருத்துகிற ஒருவர். என்னிடம் படித்த பிள்ளையின் புருஷன். அடுப்பைக் குப்புறப் போட்டார், பர்னருக்குப் போகும் குழாயைக் கழற்றினார், ஒரு கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தார். பஞ்சு மாதிரி ஒரு சிலந்தி வலை வெளியே வந்தது. "கார்புரேட்டர் மாதிரித்தான் டீச்சர் இது. எண்ணெய் வருது, காத்து வரேல்ல," என்றார். திரும்பப் பூட்டிப் பற்ற வைத்தார். நீலம்.

அந்த அடுப்பு எந்தக் களஞ்சியத்தில் எத்தனை மாதம் கிடந்ததோ, அதற்குள் ஒரு சிலந்தி குடிபூர்ந்திருக்கிறது. விற்கிற அன்று ஒரு நிமிடம் பற்ற வைத்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். எனக்கு மூன்று கிழமை மிச்சம், உங்களுக்கு என்னுடைய வாய் மிச்சம்.

அவர் சொன்ன கார்புரேட்டர் கதையை நீங்களும் வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு போட் எஞ்சின் தெரியும். பித்தானைத் திருப்பியதும் காஸ் ஒரு மில்லிமீற்றரைவிடச் சிறிய துளையால் பீறிட்டு வருகிறது. அதுதான் ஜெட். பாய்ந்து வருகிற வேகத்தில் அது பக்கத்து வாயால் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. இரண்டும் கலந்து, பர்னர்த் தலையில் உள்ள சின்னச் சின்னக் கண்களால் வந்து எரிகிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. எங்களுக்கு வரும் காஸ் இந்த இரண்டின் கலவை. ஆக, நாங்கள் காஸ் அடுப்பு என்று சொன்னாலும் அதில் எரிவதில் பெரும் பங்கு காற்றுத்தான். காற்று குறைந்தால் காஸில் உள்ள கரி முழுதாக எரியாமல், தணல் தூளாக மினுங்கும். அந்த மினுக்கந்தான் மஞ்சள். அது பானையில் பட்டு ஒட்டினால் கரி. இதோடு காபன் மொனொக்சைட்டும் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மாரி மழைக்குப் பயந்து கதவு யன்னலெல்லாம் சாத்திவிட்டுச் சமைக்கிற மார்கழி மாதத்தில் இதை நினைத்துப் பாருங்கள்.

மஞ்சள் எல்லாமே பிழை என்றும் சொல்லிவிட முடியாது. சோறு பொங்கி உப்புக் கஞ்சி பர்னரில் சிந்தினால் சுவாலையில் செம்மஞ்சள் பொறி பறக்கும். அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம், கொஞ்ச நேரத்தில் போய்விடும், பானையைக் கறுப்பாக்காது. கடலுக்குப் பக்கத்துக் குசினிகளில் இதைப் பார்த்துப் பயந்து அடுப்பை மாற்றியவர்களும் உண்டு. சோதனை சுலபம்: கேத்திலைத் தூக்கி அடியைத் தடவுங்கள். விரல் கறுத்தால் அடுப்பில் வேலை இருக்கிறது. கறுக்காவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இன்னொன்று, பர்னரின் மூடி. கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது ஒரு நூல் அளவு விலகினாலும் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் இல்லாமலும் எரியும். பொங்கலன்று என் தங்கச்சி வீட்டில் இதுதான் நடந்தது. வாடகை வீடு, முற்றம் இல்லை, காஸ் அடுப்பிலேயே பொங்கினார்கள். பால் கிழக்கே சரிந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பர்னருக்கு அது நல்ல சகுனமாக இருக்கவில்லை. பால் காய்ந்து கண்களில் பாதியை அடைத்துவிட்டது. கழுவினார்கள், ஈரத்தோடே வைத்தார்கள், சரித்தும் வைத்தார்கள். பற்ற வைத்தபோது படக்கென்று ஒரு சத்தம், நெருப்பு உள்ளே பிடித்துக்கொண்டது. அணைத்து, ஆறவிட்டு, காயவைத்து, நேராக வைத்தால் முடிந்துவிடுகிற விஷயம். ஆனால் எந்தக் கடையில் யார் இதைச் சொல்லித் தருகிறார்கள்? பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறதாம். எறும்பு எழுத்து, நமக்குத் தெரியாத பாஷை.

சரி, பித்தானுக்கு வருவோம். எனக்கு ஆகக் கூடுதலாகக் கோபம் வருவது இதில்தான். அநேகமான அடுப்புகளில் பித்தானை அமத்தி இடப்பக்கம் திருப்பியவுடன் முதலில் வருவது பெரிய நெருப்பு. இன்னும் அதே பக்கம் கடைசிவரை திருப்பினால்தான் சின்ன நெருப்பு. ஆனால் எங்கள் கைக்குப் பழக்கம் தண்ணீர்க் குழாய். குறைக்க வேண்டுமானால் பூட்டுகிற பக்கம் திருப்புவோம். அப்படித் திருப்பினால் நெருப்பு குறைவது மாதிரித்தான் தெரியும், ஆனால் அது அணைகிற விளிம்பில் நிற்கிற நெருப்பு. யன்னலால் ஒரு காற்று வந்தால் போதும். நெருப்பு போய்விடும், காஸ் வந்துகொண்டே இருக்கும். பத்து வருடம் காஸில் சமைத்த பெண்கள் சிலருக்கே, கடைசிவரை திருப்பினால் அசையாத ஒரு சின்ன நீலச் சுவாலை இருக்கிறது என்பது தெரியாது. நான் வீடு வீடாகப் போய்க் காட்டியிருக்கிறேன். "இவ்வளவு காலமும் இது இங்கயா இருந்தது!" என்று ஒருத்தி சிரித்தாள். உங்கள் விறாந்தையில் அரை நிமிடத்தில் காட்டக்கூடிய காரியம் இது.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, அதுதான் கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கிற அந்தக் காற்றில் கதவே அடித்துக்கொள்ளும்போது, ஒரு விரல் உயர நெருப்பு என்ன செய்யும்? வெக்கைக்கு யன்னலைச் சாத்தவும் முடியாது. சிலர் அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்து மறைக்கிறார்கள். முற்றாக அடைத்துவிட்டால் அடுப்புக்கு மூச்சு முட்டும், தகரம் சூடேறி ஹோஸும் வேகும். அடுப்பை யன்னலுக்கு நேரே வைக்காமல் ஓரடி தள்ளி வைப்பதே நல்லது. நெருப்பு அணைந்தால் தானாகவே காஸை நிறுத்துகிற அடுப்புகளும் இருக்கின்றன. பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக முளை நிற்கும். அது சூடாக இருக்கும்வரைதான் வழி திறந்திருக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். விலை கொஞ்சம் கூட. ஆனால் கடலோர ஊருக்குக் கேட்டு எடுப்பித்து வைக்க வேண்டிய சாமான் அது. நான் போன கடைகளில் கேட்டபோது, "அப்பிடி ஒண்டு இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக எனக்குக் காட்டியது என்ன தெரியுமா? பர்னரில் எத்தனை வளையம் இருக்கிறது என்று. மூன்று வளையம், நாலு வளையம், கடைக்குள் எரியாமலே மினுங்குகிற பித்தளை.

நெருப்பு பெரிதாக இருந்தால் சமையல் கெதியில் முடியும் என்று நீங்களும் சொல்கிறீர்கள், நாங்களும் நம்புகிறோம். கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை எங்கள் ஊர்ச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்க, நடுத்தரமான அடுப்பில் ஏறத்தாழ 10 கிராம் காஸ் போதும். கொதித்த பிறகு தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. நீங்கள் நாலு வளையத்தையும் கொளுத்தினாலும் ஏறாது. கூடுதலாகப் போடுகிற நெருப்பெல்லாம் ஆவியாகிக் கூரைக்குப் போகிறது. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைவிட, அந்த ஒரு லீற்றரை முழுதாக ஆவியாக்க ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும். காஸ் கணக்கில் 70 கிராமுக்கு மேல். மூடாத பானையில் பெரிய நெருப்பில் சோறு கொதிக்கிற வீட்டில் சிலிண்டர் ஏன் மாதக் கடைசிக்கு முன் முடிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆவிதானே வேண்டும் என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் நீத்துப்பெட்டியின் தலையால் ஆவி ஒருமுறை எழும்பிவிட்டால், அதைத் தொடர்ந்து எழுப்பி வைத்திருக்கப் பாதி நெருப்பும் வேண்டாம். கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா நோன்புக் கஞ்சியை அந்தக் கடைசிச் சின்ன நெருப்பில் மணிக்கணக்காக வைத்திருப்பா. அடிப்பிடித்து நான் பார்த்ததில்லை. (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. தாடி வைத்த கிழவரை நினைக்க வேண்டாம்.) மீன் குழம்பு மண்சட்டியில் வைக்கிறவர்களுக்கும் இதேதான். மண் மெதுவாகத்தான் சூடேறும், ஏறினால் இறங்காது. மீன் போட்ட பிறகு நெருப்பைக் குறைத்துவிட்டுச் சட்டியின் சூட்டிலேயே வேகவிடலாம். பானையின் அடியைத் தாண்டி விலா வழியே நெருப்பு மேலே ஏறினால், அது பானைக்காக எரியவில்லை, உங்கள் கைபிடிக்காகவும் புருவத்துக்காகவும் எரிகிறது.

விலையையும் மறக்க முடியாது. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய்க்கு வாங்கினோம். 2022 இல் அது 4,800 ஐயும் தாண்டியது. அந்தக் காசைக் கொடுக்கவும் வரிசையில் நின்றோம். பிரிட்டிஷ்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களைச் சீனக்குடாவில் வைத்துக்கொண்டு, உலகமே புகழ்கிற துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு, கொழும்புப் பக்கத்துக் கெரவலப்பிட்டிக் காஸ் களஞ்சியத்திலிருந்து லொறி வருகிறதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் வேறு ஆட்களுக்குப் போய்விடும். விலை இறங்கினாலும் அந்த வருடம் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது: காஸ் முடியும் தறுவாயில் சிலிண்டரைச் சரிப்பது, குலுக்குவது, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைப்பது. சரித்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ஹோஸுக்குள் வரும், அடுப்பில் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பலாம். சூடாக்கவும் அவசியமில்லை. பியூட்டேன் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும். நுவரெலியாக் குளிரிலேயே அது ஆவியாகும், திருகோணமலை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும். அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆசையென்றால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே துடைத்துவிடுங்கள். திரவம் இருக்கிற இடம் வரை ஈரம் காயப் பிந்தும், மேல் பாகம் உடனே காயும். எங்கள் அம்மா காலத்து வித்தை, காசு செலவில்லை.

சிலிண்டர் கொண்டுவரும் தம்பிமாருக்கு இனி. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகள் வந்தன. ஜனாதிபதி ஒரு குழுவே நியமித்து ஆராய வைத்தார். புரொப்பேன் எவ்வளவு பியூட்டேன் எவ்வளவு என்பதும், மணத்துக்காகச் சேர்க்கிற எதைல் மேர்கப்டன் போதுமா என்பதும் தேத்தண்ணிக் கடை வரை பேச்சாக இருந்தன. காஸுக்கென்று ஒரு மணம் கிடையாது. அழுகிய வெங்காயம் மாதிரி நாறுவது எங்களை எழுப்பவென்று சேர்த்த அந்த மருந்து. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் சிலிண்டர் இறக்கியவர்கள் சோப்பு நுரை தடவி, குமிழி விடுகிறதா என்று பார்த்து, ரெகுலேற்றரைப் பூட்டித் தந்துவிட்டுத்தான் போனார்கள். பயம் போனதும் நுரையும் போய்விட்டது. இப்போது ஓட்டோ எஞ்சினைக்கூட நிற்பாட்டாமல் இறக்கிவிட்டுப் போகிறீர்கள். உங்களுக்கும் அவசரம், தெரியும். ஆனால் ஒரு சின்னப் போத்தலில் சோப்புத் தண்ணீர் பாரமா? நெருப்புக் குச்சியைக் கொளுத்திப் பிடித்து ஒழுக்குப் பார்த்த ஒருவரை நான் என் கண்ணால் கண்டேன். அன்று நல்லூழ், ஒழுக்கு இருக்கவில்லை.

ஒழுகிய காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம். மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரித் தரையில் பரவி, மேசைக்குக் கீழே, சிலிண்டரை ஒளித்து வைக்கிற அலுமாரிக்குள், நிலைப்படி தடுத்த மூலையில் தேங்கி நிற்கும். மேல் யன்னலை மட்டும் திறந்தால் போகாது. மணம் வந்தால் சிலிண்டர் வாயைப் பூட்டி, கீழ்மட்டக் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து நிற்க வேண்டும். சுவிச்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது; இரண்டிலும் பொறி பறக்கும். வாயைப் பூட்டிக் காட்டும்போது ஒரு வசனத்தில் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஹோஸ் விற்கிறவர்களே, அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் காஸ் கொம்பனிகளே அறிவுறுத்துகின்றன. உங்கள் கடையில் வெயில் படத் தொங்குகிற சுருளில் எந்த வருடத்துச் சாமான் இருக்கிறது என்று உங்களுக்கே நிச்சயம் இல்லாவிட்டால், என்னிடம் எப்படி விற்பீர்கள்? எங்கள் உப்புக் காற்றில் கிளிப் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும். வெட்டித் தரும்போது திகதியைப் பேனையால் அதில் எழுதித் தாருங்கள், அது போதும்.

திருத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெருப்பு சின்னதாக இருக்கிறது என்று வந்தால் ஜெட்டைத் தையல் ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மெது, துளை பெருத்துவிடும். அன்று பெரிய நெருப்பைப் பார்த்து வீட்டுக்காரி சந்தோஷமாகப் போவாள். அடுத்த கிழமை மஞ்சள், அடுத்த மாதம் சிலிண்டர் காலி. ஜெட்டைக் கழற்றிக் கழுவி ஊதுங்கள், பழுதென்றால் மாற்றுங்கள். மாற்றுவதற்கு ஜெட் கடையில் இருக்க வேண்டுமே என்பீர்கள். உண்மை. ஒரு பர்னர் மூடிக்காகவும் ஒரு ஜெட்டுக்காகவும் நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் கோணேசர் கோயில் படிகளைவிடக் கூட வரும். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "புதுசு எடுங்கோ அன்ரி." புது அடுப்பு விற்கிறவர் அதன் மூடியையும் நாலு வைத்திருக்கக் கூடாதா?

கடைக்குள் நெருப்புக் கொளுத்துவது ஆபத்து என்று ஒரு அண்ணா ஏற்கெனவே சொல்லிவிட்டார். உள்ளே வேண்டாம், பெயிண்ட் டின்னுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வெளி விறாந்தையில், சிலிண்டர் நிமிர்ந்து நிற்க, காற்று மறைவில் ஒரு மேசை. செலவு என்றார் இன்னொருவர். அதையும் கணக்குப் பார்த்தேன்: ஒரு பெரிய பர்னர் முழு நெருப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 கிராம் எரிக்கும். ஐந்து நிமிடத்துக்கு 20 கிராம். 5 கிலோ சிலிண்டர் ஒன்றில் 250 அடுப்புக்குப் பற்ற வைத்துக் காட்டலாம். ஒரு வருடத்தில் 250 அடுப்பு விற்கிற கடை என்றால் வாழ்த்துகள், அந்த ஒரு சிலிண்டர் உங்களைக் கவிழ்த்துவிடாது. சில தம்பிமாருக்கு இதெல்லாம் தெரியாது என்பதுதான் உண்மையான தடை. அதற்கு நான் இருக்கிறேன். பின்னேரங்களில் எனக்கு வேலை இல்லை. கூப்பிட்டால் வந்து, சம்பளம் இல்லாமல், கடைப்பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லித் தருவேன். ஒரு பிளேன்டீ போதும், அதையும் அந்த அடுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் தங்கச்சி மகள் பாலையூற்றில் புது வீட்டுக்குக் குடிபூருகிறாள். அடுப்பு என் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் மத்திய வீதிப் பக்கம் வருவேன். பையில் ஒரு கேத்திலும் சோப்புத் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். கேத்திலுக்கு அடி துலக்கி வைத்திருக்கிறேன். எந்தக் கடை விறாந்தையில் மேசை போட்டிருக்கிறதோ அங்கே ஏறுவேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மனைப்பொருளியல் டீச்சர்